சாவி யார் கையில்?



பதினெட்டு வயசு ஆகாத பிள்ளை கையிலே வண்டிச் சாவியைக் கொடுக்கலாமா, கூடாதா? கூடாது என்கிற அணியிலே நான் நிக்கிறேன். எதிரணியிலே கடைசியாப் பேசின சகோதரர் ஒரு பெரிய அஸ்திரத்தையே விட்டார். "அபிமன்யு பதினாறு வயசிலே போர்க்களத்திலே தேர் ஓட்டினானே, அவன்கிட்ட எந்த ஆர்.டி.ஓ. லைசென்ஸ் கேட்டார்?" அப்படின்னார். நீங்களும் கை தட்டினீங்க. நடுவர் ஐயாகூட சிரிச்சாங்க.

ஐயா, மகாபாரதத்தைக் கொஞ்சம் நிதானமாப் புரட்டிப் பார்க்கணும். அபிமன்யு தேர் ஓட்டலை! தேரிலே நின்னு அம்பு விட்டான். தேர் ஓட்டினவர் சாரதி. சுமித்திரன்னு பேரு. (கைதட்டல்) அந்தச் சாரதிதான், "தம்பி, எதிரே நிக்கிறவங்க சாமானியப்பட்டவங்க இல்லை, யோசிச்சுக்கோ"ன்னு எச்சரிக்கிறார். பதினாறு வயசு கேக்குமா? "ஓட்டுய்யா, பார்த்துக்கலாம்"னுச்சு. உள்ளே போக வழி தெரியும், வெளியே வர வழி தெரியாது. நம்ம பிள்ளைகளும் அப்படித்தானே! ஆக்சிலேட்டரை முறுக்கத் தெரியும். எங்கே விடணும்னுதான் தெரியாது. அவ்வளவு ஏன், அர்ச்சுனனே தேரைத் தானா ஓட்டலையே. அனுபவப்பட்ட ஒரு டிரைவரை வச்சுக்கிட்டான். கண்ணன்னு பேரு! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அவங்க பாரதத்துக்குப் போனாங்க. நான் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திருவாரூர் வரைக்கும் போனால் போதும். மனுநீதிச் சோழன் கதை நமக்குத் தாலாட்டிலேயிருந்து தெரியும். ஆனா அதை ஒரு சாலை விபத்துக் கதைன்னு யாராவது யோசிச்சீங்களா? இளவரசன் வீதியிலே தேர் விட்டுக்கிட்டுப் போறான். ஒரு கன்னுக்குட்டி சக்கரத்திலே வந்து விழுந்து செத்துப் போகுது. பெரியபுராணம் என்ன சொல்லுதுன்னா, கன்று யாரும் எதிர்பாராம உள்ளே புகுந்துடுச்சு. இன்னிக்கு நம்ம வீட்டிலே என்ன சொல்லுவோம்? "என் பையன் மேலே தப்பே இல்லைங்க, கன்னுக்குட்டிதான் குறுக்கே வந்துச்சு." (சிரிப்பு) அமைச்சர்களும் பரிகாரம் செஞ்சுக்கலாம்னுதான் சொன்னாங்க. ராஜா கேக்கலை. தாய்ப்பசு மணி அடிச்சிருக்கு. அது இழந்ததைத் தானும் இழக்கிறதுதான் நீதின்னு நினைச்சான். பிள்ளை ஓட்டின வண்டிக்கு அப்பன் பதில் சொல்லணும் என்கிற நீதியை இந்த மண்ணிலே எப்பவோ எழுதிட்டாங்க. திருவாரூர்க் கோயிலுக்குப் போறவங்க அந்தக் கல்தேரைப் பார்க்காம வர்றதில்லை. பார்த்துட்டு வெளியே வந்தா, பத்தாவது படிக்கிற பையன் அப்பாவைப் பின்னாலே உட்கார வச்சு வண்டியை எடுக்கிறான்!

மனுநீதிச் சோழன் செஞ்சதை நம்ம பாராளுமன்றம் 2019-லே சட்டமாவே செஞ்சிருச்சு. இதைத் தாய்மார்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-லே வந்தது. அதிலே 2019-லே 199ஏ-ன்னு ஒரு பிரிவைப் புதுசாச் சேர்த்தாங்க. அந்த வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதியிலேயிருந்து நடைமுறையிலே இருக்கு. பதினெட்டு வயசு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தா, குற்றவாளின்னு கருதப்படறவர் யார்? பிள்ளையின் பாதுகாவலர், இல்லைன்னா வண்டியின் சொந்தக்காரர். மூணு வருஷம் வரைக்கும் சிறை. 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. "எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்"னு வெறுமனே சொன்னாப் போதாது. தெரியாதுன்னோ, தடுக்க முயற்சி எடுத்தேன்னோ நீங்கதான் நிரூபிக்கணும். எப்படி நிரூபிப்பீங்க? சாவி தொங்குறது டி.வி.க்குப் பக்கத்து ஆணியிலே. வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கே அந்த ஆணி தெரியும்! (சிரிப்பு)

இன்னொண்ணும் இருக்கு. அப்படி மாட்டின பிள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. பதினேழரை வயசிலே ஆறு மாசம் பொறுக்க முடியாதவன், அதுக்கப்புறம் ஏழரை வருஷம் பொறுக்கணும். ஏழரைன்னா உங்களுக்கெல்லாம் சனி ஞாபகம் வரும். அந்தச் சனி இதுதான்! (பலத்த கைதட்டல்) டிரைவர் வேலைக்குப் போக முடியாது. வண்டியிலே சுத்தி விற்பனை பண்ற வேலைக்குப் போக முடியாது. பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கிற வேலைகூடக் கிடையாது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதுதானே முதல் வேலை?

இன்சூரன்சையும் சொல்லிடறேன். லைசென்ஸ் இல்லாத பிள்ளை ஓட்டி விபத்து ஆச்சுன்னா, உங்க வண்டிச் சேதத்துக்குப் பைசா வராது. அடிபட்டவருக்கு நஷ்ட ஈட்டைக் கம்பெனியை முதல்லே கொடுக்கச் சொல்லிட்டு, அப்புறம் அதை வண்டிச் சொந்தக்காரர்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னு கோர்ட்டு சொல்றது உண்டு. வசூல்னா எங்கேயிருந்து? மகள் கல்யாணத்துக்கு வச்சிருக்கிற அரை ஏக்கர் நிலத்திலேயிருந்து.

எதிரணி அம்மா ஒருத்தங்க, "ஆத்திர அவசரத்துக்கு வேணாமா?"ன்னு கேட்டாங்க. வேணும்தான். ஆனா நம்ம வீட்டு அவசரம் என்னென்ன? சாம்பார் தாளிக்கிற நேரம் கறிவேப்பிலை இல்லை. "டேய், வண்டியை எடுத்துட்டு ஓடிப் போய் ரெண்டு கொத்து வாங்கிட்டு வாடா!" ஐயா, கறிவேப்பிலை கடையிலே ஓசியிலே போடறது. ஓசிக் கறிவேப்பிலைக்கு லட்ச ரூபாய் வண்டி, ஹெல்மெட் இல்லாம ஒரு பையன்! (சிரிப்பு) ஏன்னா ஹெல்மெட் போட்டா, "தெருமுனைக் கடைக்கு எதுக்குடா இதெல்லாம்?"னு நாமளே சிரிப்போம்.

சிரிச்சது போதும். ஒரு கணக்குச் சொல்றேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-லே மட்டும் இந்தியாவிலே சாலை விபத்துகளிலே இறந்தவங்க 1,68,491 பேர். அதிலே நூத்துக்கு 44 பேருக்கு மேலே இருசக்கர வண்டியிலே போனவங்க. ஹெல்மெட் போடாம இறந்தவங்க 50,029 பேர். பின்னாலே உட்கார்ந்தவங்களும் இதிலே உண்டு. விபத்துகளின் எண்ணிக்கையிலே அந்த வருஷம் முதல் இடம் எந்த மாநிலம் தெரியுமா? நாமதான். தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

நான் அரசுப் பள்ளியிலே பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பௌதிகம் நடத்தறவ. அதனாலே எதிரணி நண்பர் சொன்ன ஒரு விஷயத்துக்கு நான்தான் பதில் சொல்லணும். "பதினாறு வயசுப் பையனுக்குக் கண்ணு கூர்மை, கை வேகம், நாற்பது வயசு அப்பாவை விட நல்லா ஓட்டுவான்"னார். உண்மைதாங்க! கையும் கண்ணும் வேகம்தான். ஆனா அவன் பரீட்சையிலே இயக்க ஆற்றலுக்கு 'அரை எம்.வி. ஸ்கொயர்'னு அழகா எழுதி மார்க் வாங்கிட்டு வருவான். ரோட்டிலே அந்த 'ஸ்கொயர்' அவன் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் எமன்! வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக் பிடிச்சு வண்டி நிக்கிற தூரம் ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்திலே போற வண்டி ஒரு விநாடியிலே 11 மீட்டர் போகும். நாய் குறுக்கே வருதுன்னு மூளைக்கு எட்டி, கை பிரேக்குக்குப் போறதுக்குள்ளேயே அந்த 11 மீட்டர் போயிடும். 80-லே போனா அது 22 மீட்டர். அதுக்கப்புறம்தான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கிறான். நடுவிலே போன் அடிச்சு ரெண்டு விநாடி குனிஞ்சான்னா, 44 மீட்டர் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டினதுக்குச் சமம்.

ஆபத்தை எடை போடற பகுதி மூளையிலே முழுசா முதிர்றதுக்கு இருபது வயசு தாண்டணும்னு மருத்துவர்கள் சொல்றாங்க. அந்தப் பிள்ளை தனியா ஓட்டினாக்கூட ஓரளவு பரவாயில்லை. பின்னாலே ஒரு சிநேகிதன் ஏறினான்னு வைங்க, ஓட்டறவன் வயசு பதினாறிலேயிருந்து பத்தாக் குறையும். ரெண்டு பேர் ஏறினா எல்.கே.ஜி.! (சிரிப்பு)

எங்க பள்ளிக்கூடத்திலே நடந்ததைச் சொல்றேன். சில வருஷங்களுக்கு முன்னாலே நடந்தது. அரையாண்டுப் பரீட்சை நேரம். காலையிலே பரீட்சை முடிஞ்சது. ஒரு பையன் அப்பா வண்டியைக் கொண்டு வந்திருந்தான். பக்கத்து பெஞ்சுப் பையனைப் பின்னாலே ஏத்திக்கிட்டுப் பரோட்டா சாப்பிடப் போயிருக்காங்க. பைபாஸ் திருப்பத்திலே மணல் கிடந்தது. ஓட்டின பையனுக்குக் கையிலே எலும்பு முறிவு. பின்னாலே உட்கார்ந்தவன் ஆஸ்பத்திரி போற வழியிலேயே போயிட்டான்.

அவன் பௌதிக ரெக்கார்டு நோட்டு என் மேஜையிலே இருந்தது. திருத்துறதுக்காகக் கொடுத்திருந்தான். தனி ஊசல் சோதனை வரைக்கும் எழுதியிருந்தான். படம் போட்டுப் பேர் குறிக்காம விட்டிருந்தான். பதினஞ்சு நாள் கழிச்சு அவங்க அம்மா வந்தாங்க. அவன் நோட்டு, பேனா, டிபன் பாக்ஸ், எது இருந்தாலும் கொடுங்கன்னு கேட்டாங்க. கொடுத்தேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பக்கமாத் திருப்பி, "இது அவன் எழுத்துத்தானே டீச்சர்?"னு கேட்டாங்க.

(அரங்கில் அமைதி)

ஓட்டின பையன் இப்போ எங்க ஊர் ஜவுளிக்கடையிலே வேலை பார்க்கிறான். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனா அவன்தான் விரிச்சுக் காட்டுவான். நல்ல பையன். அன்னிக்கும் நல்ல பையன்தான். குடிக்கலை, யாரையும் போட்டிக்குக் கூப்பிடலை. பரோட்டா சாப்பிடப் போனான், அவ்வளவுதான். இன்னி வரைக்கும் வண்டியைத் தொடறதில்லை. தெரிஞ்சவங்க யாராவது வண்டியிலே ஏறச் சொன்னாக்கூட நடந்தே போறான். எதிரணியிலே "வண்டி ஓட்டினா பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வரும்"னு சொன்னாங்க. நான் அந்தப் பையனை நினைச்சுக்கிட்டேன்.

இதைக் கேட்டுட்டு, "அது கிராமத்துக் கதை, ஏழைப் பிள்ளைக் கதை"ன்னு யாரும் நினைச்சுட வேண்டாம். 2024 மே மாதம் புனே நகரத்திலே 17 வயசுப் பையன் நடுராத்திரியிலே விலையுயர்ந்த காரிலே வந்து மோதினதிலே, மோட்டார் சைக்கிளிலே போன ரெண்டு பேர் இறந்தாங்க. ரெண்டு பேருமே 24 வயசுப் பொறியாளர்கள். அந்தப் பையனை ஜாமீனிலே விட்டப்போ போட்ட நிபந்தனையிலே ஒண்ணு, சாலை விபத்தைப் பத்தி 300 வார்த்தையிலே கட்டுரை எழுதணும்! நாடே கொந்தளிச்சுப் போய், அப்புறம் அந்த உத்தரவை மாத்தினாங்க. ஐயா, நான் ஹோம் ஒர்க் எழுதிட்டு வராத பிள்ளைக்குக் கொடுக்கிற தண்டனைகூட இதை விடப் பெரிசு. (கைதட்டல்)

வெளிநாட்டுக்கு வருவோம். "அமெரிக்காவிலே பதினாறிலே லைசென்ஸ் தர்றான், நாம ஏன் பதினெட்டைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கணும்?"னு கேட்டாங்க. அமெரிக்காவை முழுசாச் சொல்லணுமில்லையா? கலிபோர்னியாவிலே பதினாறிலே தர்றாங்க. எப்படித் தர்றாங்க? அதுக்கு முன்னாலே பெரியவர் ஒருத்தர் பக்கத்திலே உட்கார்ந்து 50 மணி நேரம் ஓட்டியிருக்கணும். அதிலே 10 மணி நேரம் ராத்திரியிலே. லைசென்ஸ் வாங்கின பிறகும் முதல் ஒரு வருஷம் ராத்திரி 11 மணியிலேயிருந்து காலை 5 மணி வரைக்கும் தனியா ஓட்டக் கூடாது. 20 வயசுக்குக் கீழே இருக்கிற சிநேகிதனைத் தனியா ஏத்தக் கூடாது. ஜெர்மனியிலே 17-லே கார் ஓட்டலாம், ஆனா 18 வரைக்கும் 30 வயசு தாண்டின ஒருத்தர் பக்கத்திலே உட்காரணும், அவர் பேரையும் முன்கூட்டியே பதிவு பண்ணணும். நியூசிலாந்து 1987-லேயே இப்படிப் படிப்படியா லைசென்ஸ் தர்ற முறையைக் கொண்டு வந்துச்சு. அங்கே 15 வயசிலே ஆரம்பிக்கலாம்னு இருந்ததை 2011-லே 16-ஆ உயர்த்திட்டாங்க. அவங்க வயசைக் குறைச்சுக்கிட்டே போகலை ஐயா, கூட்டியிருக்காங்க! அவங்க தர்றது முழுச் சாவி இல்லை, கால் சாவி, அரைச் சாவி. நாம அப்படியா தர்றோம்? சாவியோட பெட்ரோலுக்குக் காசும் கொடுத்துட்டு, "மெதுவாப் போடா"ன்னு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பறோம். மெதுவாங்கறது எத்தனை கிலோமீட்டர்னு அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

எதிரணி பேசினதிலே எனக்கு மனசிலே தச்சது ஒண்ணுதான். கிராமத்துக்கு பஸ் இல்லை, பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர், டியூஷன் முடிஞ்சு இருட்டிலே பொம்பளைப் பிள்ளை எப்படி வரும்னு அந்தச் சகோதரி கேட்டாங்க. அதைச் சிரிச்சுத் தள்ள முடியாது. அது நியாயமான கேள்வி. ஆனா எங்க பள்ளிக்கூட வாசலிலே நின்னு பார்த்தா எனக்குத் தெரியறது வேற. ஆறு கிலோமீட்டரிலேயிருந்து வர்ற பிள்ளைங்க இலவச பஸ் பாஸிலேயும், பதினொண்ணாம் வகுப்பிலே அரசு கொடுத்த சைக்கிளிலேயும் வருது. வண்டியிலே வர்றது யாரு? ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பிள்ளை! (சிரிப்பு, கைதட்டல்) தேவை ஒரு பக்கம் இருக்கு, சாவி வேற பக்கம் இருக்கு. பஸ் இல்லாத ஊருக்கு பஸ் கேட்டு மனு கொடுங்க, மறியல்கூடப் பண்ணுங்க, நானும் வந்து ரோட்டிலே உட்கார்றேன். அரசாங்கம் விட வேண்டிய பஸ்ஸை, பதினஞ்சு வயசுப் பொண்ணு தலையிலே ஏத்தாதீங்க.

இப்போ என் அணித் தலைவர் கோவிச்சுக்காம இருந்தா, எங்க பக்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லணும். பதினெட்டுங்கறது மந்திரம் இல்லை. பிறந்த நாளைக்கு முந்தின ராத்திரி விவரம் தெரியாத பிள்ளை, கேக்கு வெட்டின உடனே விவரமானவன் ஆயிட மாட்டான். எல்.எல்.ஆர். போட்டு முப்பது நாள் கழிச்சு மைதானத்திலே எட்டு போட்டுக் காட்டினா லைசென்ஸ். காலை ஊணாம எட்டு போடத் தெரிஞ்சவனுக்கு, லாரிக்குப் பின்னாலே போகத் தெரியுமா? மழையிலே தார் ரோடு வழுக்கும்னு தெரியுமா? ராத்திரி எதிர் வண்டி வெளிச்சம் கண்ணை மறைக்கும்னு தெரியுமா? எந்த ஊர் ரோட்டிலேங்க எட்டு இருக்கு? (சிரிப்பு)

சட்டம் எழுதினவங்க ஒரு நல்ல யோசனை பண்ணியிருந்தாங்க. 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டும் 16 வயசிலே ஓட்டலாம், அதுக்கும் பெற்றோர் எழுத்துமூலமாச் சம்மதம் கொடுக்கணும். அது ஒரு படி. அப்போ டி.வி.எஸ். 50 இருந்தது, லூனா இருந்தது. சைக்கிளுக்கு அண்ணன் மாதிரி ஒரு வண்டி. முறுக்கினாலும் போகாது! இன்னிக்கு ஷோரூமிலே போய் 50 சி.சி. வண்டி கேட்டா, உங்களை ஏற இறங்கப் பார்ப்பாங்க. இப்போ பிள்ளை சைக்கிளிலேயிருந்து இறங்கின உடனே 125-லே ஏறுறான், 150-லே ஏறுறான், மாமா துபாயிலேயிருந்து வந்தா 350! நடுவிலே இருந்த அந்தப் படி உடைஞ்சு போச்சு. 250 வாட்டுக்குள்ளே, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேலே போகாத மின்சார வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் வேண்டாம்னு விதி இருக்கு. அதையும் வாங்கறவங்க வண்டியின் நிறத்தைப் பார்க்கிறாங்களே தவிர, அந்த வாட்டு எவ்வளவுன்னு காகிதத்தை வாங்கிப் படிக்கிறதில்லை.

அதனாலே நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லும்போது "பதினெட்டுக்கு முன்னாலே சாவி கூடாது"ன்னு சொல்றதோட நிறுத்திடாதீங்க. பதினெட்டிலே கொடுக்கிறதையும் படிப்படியாக் கொடுங்கன்னு சொல்லுங்க. முதல் ஆறு மாசம் பின்னாலே ஆள் இல்லாம ஓட்டட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேலே வேண்டாம். அப்பா ஒரு வாரமாவது பின்னாலே உட்கார்ந்து, லாரியும் பஸ்ஸும் வர்ற ரோட்டிலே கூட்டிட்டுப் போகட்டும். அப்பாவும் ஹெல்மெட் போட்டுக்கட்டும்; சட்டம் நாலு வயசுக்கு மேலே எல்லாருக்கும்தான் சொல்லுது, அப்பாவுக்கு மட்டும் விலக்குக் கிடையாது. (சிரிப்பு)

நடுவர் ஐயா கை மணிப் பக்கம் போகுது. நான் பிரேக் போட வேண்டிய தூரம் வந்துடுச்சு. 

(பலத்த கைதட்டல்)